எஃப்-150 வண்டியில் சிபி ரேடியோ: எதை வாங்குவது, ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது?

டெக்சஸில் 2019 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருக்கிறீர்கள். நண்பர்களோடு யூட்டா, கொலராடோ பக்கத்து மலைப்பாதைகளில் ஓட்டப் போகிறீர்கள். செல்போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள எந்த சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் குறுகிய தூரம் பேசிக்கொள்ளும்) ரேடியோ வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு மூன்று செய்திகளையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: வாங்கி வந்த காந்த ஆன்டெனா கூரையில் ஒட்டவில்லை, கேபிள் கட்டாயம் 18 அடி இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், ஆன்டெனாவை எங்கே வைப்பது என்று பிடிபடவில்லை. உங்கள் பிரச்சினை முழுக்க இந்த மூன்றில்தான் இருக்கிறது. எந்த ரேடியோவை வாங்கினாலும் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆன்டெனாவும், அது நிற்கும் இடமும், அதன் அடியில் இருக்கும் உலோகமும்தான் முடிவு செய்யும். அதனால் ரேடியோவைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் சிபிக்கு 40 சேனல்கள். 26.965 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 27.405-இல் முடியும். தனி உரிமம் வேண்டாம். ஏ.எம். முறையில் 4 வாட், எஸ்.எஸ்.பி. (அலையின் ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும்) முறையில் உச்சமாக 12 வாட் என்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. வைத்திருக்கும் வரம்பு. சட்டப்படி விற்கும் எல்லா ரேடியோவும் இந்த வரம்புக்குள்தான் வரும் என்பதால், விலை கூடினால் தூரமும் கூடும் என்று எண்ண வேண்டாம். கூடுதல் விலைக்குக் கிடைப்பவை இரைச்சலை அடக்கும் வசதி, நல்ல ஸ்பீக்கர், இரவில் படிக்க முடிகிற திரை, எஸ்.எஸ்.பி. ஆகியவை. கோப்ரா 29, யூனிடென் பேர்கேட் 880 இரண்டும் பல ஆண்டுகளாக லாரிக்காரர்கள் கையில் நிரூபணமானவை. எஸ்.எஸ்.பி.யும் வேண்டுமென்றால் பேர்கேட் 980 அல்லது பிரசிடென்ட் மெக்கின்லி. டாஷ்போர்டில் இடமே இல்லையென்றால் கோப்ரா 75 போல எல்லாப் பொத்தான்களும் கைமைக்கிலேயே இருக்கும் வகையை வாங்கி, பெட்டியை சீட்டுக்கு அடியில் மறைத்துவிடலாம். 2021-இல் எஃப்.சி.சி. சிபியில் எஃப்.எம். முறையையும் அனுமதித்தது. பக்கத்து வண்டிகளோடு பேசும்போது ஒலி நன்றாகத் தெளிவாக இருக்கும். ஆனால் இரு முனையிலும் எஃப்.எம். இருக்க வேண்டும். உங்கள் நண்பர்களிடம் பழைய ரேடியோ இருந்தால் அதனால் பயனில்லை.

வாங்கும் முன் இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். உங்கள் குழுவில் மற்றவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள்? மலைப்பாதை ஓட்டும் குழுக்களில் பல இப்போது ஜி.எம்.ஆர்.எஸ். என்னும் வேறொரு ரேடியோ சேவைக்கு மாறிவிட்டன. அதற்குத் தேர்வு கிடையாது. 35 டாலர் கட்டி உரிமம் எடுத்தால் 10 ஆண்டுகளுக்கு உங்கள் குடும்பம் முழுவதற்கும் செல்லும். ஆன்டெனாவும் சிறியது, பொருத்துவது சுலபம். குழு முழுவதும் அதில் இருக்கும்போது நீங்கள் மட்டும் சிபி வாங்கினால் பேச ஆளிருக்காது. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசும் 19-ஆம் சேனலையும் கேட்க வேண்டும், குழுவும் சிபியில்தான் இருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

காந்தம் ஒட்டாததற்குக் காரணம் எளிது. 2015 மாடலிலிருந்து எஃப்-150-இன் பாடி அலுமினியம். அடிச்சட்டம் மட்டும்தான் இரும்பு. வில்சன் 1000 போன்ற நல்ல காந்த ஆன்டெனாக்களெல்லாம் இரும்புக் கூரைக்கானவை, உங்கள் வண்டிக்கு அவை உதவாது. அதற்காக அலுமினியம் ஆன்டெனாவுக்குக் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரத்தை அது நன்றாகவே கடத்தும். ஒட்டுவதுதான் முடியாது, எர்த்தாக வேலை செய்வதில் குறையில்லை.

எர்த் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். வண்டியில் நிறுத்தும் ஆன்டெனா அதில் கால் பங்கு, அதாவது சுமார் 2.75 மீட்டர் இருக்க வேண்டும். 102 அங்குலக் கம்பியும் அடியில் 6 அங்குல ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அந்த நீளம் வரும். கால் அலை ஆன்டெனா தனியாக நின்றால் பாதி ஆன்டெனாதான், மறு பாதி வண்டியின் உலோகப் பாடி. நான்கடி ஆன்டெனாவில் கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்னளவில் நீளத்தைச் சரிக்கட்டுகிறார்கள். அந்தச் சுருள் மேல் பாதியின் குறையை மட்டும்தான் ஈடுகட்டும். கீழ்ப் பாதி வண்டியிலிருந்துதான் வர வேண்டும். பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பெயின்ட் படலம் இருந்தால் போதும், அந்தப் பாதி அறுந்துவிடும். பொருத்தியதும் சரியாக வேலை செய்யாத சிபி ரேடியோக்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இந்த ஒரு இடத்தில்தான்.

இடத்துக்கு வருவோம். மின்னியல்படி மிகச் சிறந்த இடம் கூரையின் நடுவே துளையிட்டு நிறுத்துவது. சுற்றிலும் சமமாக உலோகம் இருப்பதால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி போகும். ஆனால் கூரையில் துளையிட மனம் வர வேண்டும், சன்ரூஃப் இருக்கக் கூடாது, பக்கவாட்டு ஏர்பேக்கின் வழியில் கேபிள் குறுக்கே போகக் கூடாது. வீட்டு கராஜ் கதவு 7 அடி உயரமென்றால் கூரை ஆன்டெனா ஒவ்வொரு முறையும் இடிக்கும். இவற்றை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது, பின்தொட்டியின் மேல் விளிம்பில் கேபினை ஒட்டி இருக்கும் சதுரக் குழியில் பொருத்துகிற பிராக்கெட். அடுத்த தேர்வு, பானெட்டுக்கும் ஃபென்டருக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளில் மாட்டுகிற பிராக்கெட். இதில் கேபிள் வழி சுருக்கம், ஆனால் ஆன்டெனா கண் முன்னே ஆடிக்கொண்டிருக்கும், இன்ஜின் இரைச்சலும் சற்றுக் கூடுதலாக ஏறும். பின்பக்க பம்பர் வேண்டாம். அங்கே நிறுத்தினால் ஆன்டெனாவின் பாதிக்கு மேல் வண்டியின் பின்புறத்துக்கு மறைவில் போய்விடும். இதைப் படிக்கும் டொயோட்டா டகோமா பிக்கப்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2005-க்குப் பிந்தைய டகோமாவின் பின்தொட்டி உலோகமே அல்ல, கலப்புப் பிளாஸ்டிக். அங்கே பிராக்கெட் மாட்டினால் எர்த்துக்குத் தனியாகப் பட்டை இழுக்க வேண்டும்.

பின்தொட்டி விளிம்பு என்று முடிவானால் ஆன்டெனாவின் வகையும் அதிலேயே முடிவாகிவிடும். விளிம்பிலிருந்து கூரை ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடியில் சுருள் உள்ள ஆன்டெனாவை அங்கே நிறுத்தினால் அந்தச் சுருள் கேபினின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அலையில் பெரும்பங்கு அங்கேயே வீணாகும், எஸ்.டபிள்யூ.ஆர்.-உம் (அனுப்பும் அலையில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, குறைவாக இருப்பது நல்லது) படியாது. ஃபயர்ஸ்டிக் போன்ற ஃபைபர்கிளாஸ் குச்சிகளில் சுற்று மேல்முனைக்குப் பக்கத்தில் நெருக்கமாக இருக்கும். நான்கடிக் குச்சி என்றால் சுமார் 70 சென்டிமீட்டர் கூரைக்கு மேலே நிற்கும், வேலை செய்யும் பகுதி அதுதான். நுனியில் திருகு வைத்து நீளத்தைச் சரிசெய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டடி, மூன்றடிக் குச்சிகள் பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் நீளம் குறையக் குறைய தூரமும் குறையும், எல்லாச் சேனலிலும் எஸ்.டபிள்யூ.ஆர்.-ஐ ஒரே சீராக வைப்பதும் கடினமாகும். அடியில் ஒரு ஸ்பிரிங் கட்டாயம் போடுங்கள். மலைப்பாதையில் ஒரு மரக்கிளை போதும், ஸ்பிரிங் இல்லாத குச்சி பிராக்கெட்டோடு பெயர்ந்துவிடும். கராஜுக்காக விரைவாகக் கழற்றும் இணைப்பும் சேர்க்கலாம். ஸ்பிரிங்கும் இணைப்பும் ஆன்டெனாவின் நீளத்தோடு சேரும் என்பதால், இவையெல்லாம் மாட்டிய பிறகே அளந்து சரிசெய்ய வேண்டும்.

இரண்டு ஆன்டெனா வைத்தால் இரட்டிப்பு தூரம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே கால் அலை, அதாவது 9 அடி இடைவெளி இருந்தால்தான் அதற்குரிய பலன் வரும். பெரிய லாரிகளில் கண்ணாடிக்குக் கண்ணாடி 8 அடிக்கு மேல் கிடைப்பதால் அங்கே அது ஓரளவு பொருந்துகிறது. பிக்கப்பின் அகலத்தில் இரண்டு வைப்பது அழகுக்குத்தான்.

பிராக்கெட்டைப் பொருத்தும்போது, அது பாடியைத் தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியச் செய்யுங்கள். பிராக்கெட்டுக்கே பவுடர் கோட்டிங் இருந்தால் அதையும் சுரண்ட வேண்டும், இதைப் பலர் மறக்கிறார்கள். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதனால் ஸ்டெயின்லெஸ் போல்ட், நட்சத்திரப் பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசி மூடுங்கள். ஆன்டெனாவைத் திருகி நிறுத்தும் ஸ்டட்டில் வெள்ளை நைலான் வாஷர் ஒன்று வரும். அதன் தோள்பட்டை பிராக்கெட்டின் துளைக்குள் சரியாக அமர வேண்டும். மாற்றிப் போட்டால் ஆன்டெனாவின் நடுமுனை பாடியோடு ஷார்ட் ஆகிவிடும். பின்தொட்டி தனியாகச் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்பதால், தொட்டிக்கும் கேபினுக்கும், தொட்டிக்கும் சட்டத்துக்கும் இடையில் பின்னல் செம்புப் பட்டை ஒவ்வொன்று போடுங்கள். எவ்வளவு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இனி அந்த 18 அடி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு, வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லாததும் உண்டு. உறுதியானது: ஆன்டெனாவும் எர்த்தும் சரியாக இருந்து, கேபிள் 50 ஓம் என்றால், அதன் நீளம் எஸ்.டபிள்யூ.ஆர்.-ஐ மாற்றாது. 10 அடி போதுமென்றால் 10 அடி போதும். இரட்டை ஆன்டெனாவுக்கு 75 ஓம் கேபிள் போடும்போது மட்டும் 18 அடிக்குப் பொருள் இருக்கிறது. கேபிளுக்குள் அலை வெட்டவெளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடும் என்பதால், 18 அடி அங்கே முக்கால் அலையாகிறது. ஒவ்வொரு ஆன்டெனாவின் 50 ஓமும் அதன் வழியே ஏறக்குறைய 100 ஓமாகி, இரண்டும் சேரும் இடத்தில் மறுபடி 50 ஆகும். வாக்குவாதம் ஒற்றை ஆன்டெனாவைப் பற்றியது. சில தயாரிப்பாளர்களே 18 அடியைப் பரிந்துரைக்கிறார்கள், பலருக்கு அதனால் அளவு நன்றாகவும் வந்திருக்கிறது. என் கணிப்பு, அப்படி வருகிற இடங்களில் எர்த் போதாமல் கேபிளின் வெளிப்பின்னலே ஆன்டெனாவின் ஒரு பகுதியாக வேலை செய்கிறது. அதைச் சோதிக்க ஒரு வழி: மைக்கை அழுத்தியிருக்கும்போது கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். மீட்டரின் முள் அசைந்தால் சரிசெய்ய வேண்டியது எர்த்தை, கேபிள் நீளத்தை அல்ல.

கேபிள் ஆர்.ஜி.-8எக்ஸ் வாங்குங்கள். ஆர்.ஜி.-58-உம் போதும், 18 அடியில் அது விழுங்குவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மிச்சமுள்ள கேபிளை இறுக்கமான வளையமாகச் சுற்றி ஒளித்து வைக்காதீர்கள். நீளமான எட்டு வடிவில் தளர்வாக மடித்து சீட்டுக்கு அடியில் விடுங்கள். கதவிடுக்கில் நசுங்கும் இடத்தில்தான் கேபிள் முதலில் சாகும். பின்தொட்டியிலிருந்து கேபினுக்குள் வர பின்சுவரின் கீழே ரப்பர் அடைப்பான்கள் இருக்கும், அவற்றில் ஒன்றைத் துளைத்து நுழைப்பது நல்லது. வெளியே இருக்கும் பி.எல்.-259 கனெக்டரின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். உள்ளே ஒருமுறை தண்ணீர் போனால் பின்னல் வழியாக அது அடிகணக்கில் ஊறும், பிறகு கேபிளையே மாற்ற வேண்டியதுதான்.

மின் இணைப்புக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டாம். லூஸ் காண்டாக்ட், இரைச்சல் இரண்டும் அங்கிருந்துதான் வரும். 14 கேஜ் செம்பு வயரை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நேராக இழுங்கள். முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான், ரேடியோவின் பின்னால் வரும் ஃபியூஸால் அது முடியாது. ரேடியோப் பக்கத்தில் கையேட்டில் சொன்ன அளவு ஃபியூஸையே போடுங்கள். நெகட்டிவ் வயரை பேட்டரி முனையில் மாட்டும் முன் ஒரு விஷயம்: இப்போதைய வண்டிகளில் அந்த முனையில் கரண்ட்டை அளக்கும் சிறு சென்சார் இருக்கும். அதைத் தாண்டி நேராக முனையில் மாட்டினால் வண்டியின் சார்ஜ் கணக்கு தவறும். பாடியில் எர்த் வயர் சேரும் போல்ட்டில் மாட்டுவதுதான் சரி. நேரடி இணைப்பில் ரேடியோவை அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரேடியோப் பெட்டியை ஏர்பேக் விரியும் பாதையிலும், உங்கள் முழங்கால் இடிக்கும் இடத்திலும் மாட்ட வேண்டாம். பெரும்பாலான பெட்டிகளில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கும். கார்ப்பெட்டைப் பார்த்து ஒலித்தால் ஒன்றும் புரியாது, 8 ஓம் வெளி ஸ்பீக்கர் ஒன்று மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

எல்லாம் மாட்டியாயிற்று என்று உடனே மைக்கை அழுத்தாதீர்கள். ஆன்டெனா இல்லாமலோ ஷார்ட் ஆன ஆன்டெனாவோடோ பேசினால் ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டர் எரிந்துவிடலாம். முதலில் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் மூன்று அளவு பாருங்கள். கனெக்டரின் நடுமுனைக்கும் ஆன்டெனா ஸ்டட்டுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம். கனெக்டரின் வெளிவளையத்துக்கும் வண்டிப் பாடிக்கும் இடையே அரை ஓமுக்குள். நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. கடைசி அளவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: அடியில் சுருள் உள்ள சில ஆன்டெனாக்கள் வடிவமைப்பிலேயே அங்கே ஷார்ட் காட்டும். நான் சொன்ன ஃபைபர்கிளாஸ் குச்சியில் ஷார்ட் காட்டினால் நைலான் வாஷரைப் பாருங்கள்.

பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். வண்டியைச் சுவர், மரம், வேறு வண்டி எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். கராஜுக்குள் அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கதவு, பானெட் எல்லாம் மூடியிருக்க வேண்டும், ஆன்டெனாவின் அருகில் யாரும் நிற்கக் கூடாது. ரேடியோவுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவே சிறு இணைப்புக் கேபிளால் மீட்டரை மாட்டி, 1, 20, 40 ஆகிய மூன்று சேனல்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் முன்னோக்கு நிலையில் முள்ளைக் குறிக்குக் கொண்டுவந்து, பிறகு திரும்பு நிலைக்கு மாற்றிப் படிக்க வேண்டும். சேனலில் யாரும் பேசாதபோது செய்யுங்கள். 9-ஆம் சேனல் அவசர உதவிக்கானது, அதைத் தொடாதீர்கள். 1-இல் அதிகமாகவும் 40-இல் குறைவாகவும் இருந்தால் ஆன்டெனா குட்டை, நுனித் திருகை வெளியே எடுங்கள். 40-இல் அதிகம் என்றால் நீளம் கூடுதல், திருகை உள்ளே விடுங்கள். ஒரு முறைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் திருகாமல் மறுபடி அளந்து பாருங்கள். இரு முனையும் சமமாக வந்து நடுவில் குறைந்தால் வேலை முடிந்தது. 1.5-க்குக் கீழே வந்தால் நல்லது, 2 வரை தாராளமாகப் பேசலாம். 2-இல் திரும்பி வருவது 11 சதவீதம்தான், அதற்காக நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். 3 என்றால் 25 சதவீதம் திரும்பும், அந்த நிலையில் பேசக் கூடாது. மூன்று சேனலிலும் 3-க்கு மேலேயே நின்றால் அது நீளக் கோளாறல்ல. ஷார்ட் அல்லது அறுபட்ட இணைப்பு இருக்கிறது, இல்லையென்றால் எர்த்தே இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதால் மட்டும் ஆன்டெனா நன்றாக அலை வீசுகிறது என்றும் ஆகிவிடாது. இன்னொரு வண்டியை ஓரிரு மைல் தள்ளி நிறுத்திப் பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

தூரம் எவ்வளவு என்று கேட்டால் ஒரே எண்ணாக யாராலும் சொல்ல முடியாது. சமவெளியில் இரண்டு வண்டிகளும் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தால் 3 முதல் 5 மைல் எதிர்பார்க்கலாம். யூட்டாவின் மோவாப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் ஒரு பாறை வளைவைத் தாண்டியதும் அது ஒரு மைலுக்கும் கீழே இறங்கலாம். அதற்காகக் கடைக்காரர் ரேடியோவைத் திறந்து பவர் ஏற்றித் தருகிறேன் என்றாலோ, பூஸ்டர் மாட்டலாம் என்றாலோ சம்மதிக்காதீர்கள். இரண்டும் சட்டவிரோதம். பலனும் குறைவு: 4 வாட்டை 16 ஆக்கினாலும் எதிர்முனையின் சிக்னல் மீட்டரில் ஒரு கட்டம்தான் ஏறும், ஒலியும் கெடும். சில நாள் ஆயிரம் மைல் தள்ளியிருப்பவர்களின் பேச்சு வந்து பக்கத்து வண்டியை மூழ்கடிக்கும். அலை வான்மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால் அப்படி ஆகிறது, ரேடியோவில் கோளாறில்லை. வேறு சேனலுக்கு மாறி ஸ்குவெல்ச்சை (பலவீனமான சிக்னலை ஒலிக்க விடாமல் தடுக்கும் குமிழ்) கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரைச்சல் வந்தால் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், அந்த நிலையில் மைக்கை மட்டும் அழுத்தக் கூடாது. இரைச்சல் தொடர்ந்தால் அது மின் வயர் வழியாக வருகிறது. நின்றால் ஆன்டெனா வழியாக. இன்ஜின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர். ஆன்டெனா வழியாக வருவதில் இன்று பெரும்பாலும் குற்றவாளிகள் மலிவான யு.எஸ்.பி. சார்ஜர், டாஷ்கேம், எல்.இ.டி. விளக்குப் பட்டை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ஆளைக் கண்டுபிடித்ததும் அதன் வயரை 31-ஆம் வகை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஊருக்கு வரும்போது இதே செட்டை இந்தியாவுக்கு எடுத்து வரலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அனுமதித்திருக்கும் சிபி பட்டை 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அமெரிக்க ரேடியோவின் 28-ஆம் சேனலே 27.285. அதற்கு மேலுள்ளவை எல்லாம் வரம்புக்கு வெளியே போய்விடும். ரேடியோக் கருவிகளைக் கொண்டுவருவதற்கும் தனி விதிகள் உண்டு.

பொருத்தி முடித்து முதல் கரடுமுரடான பாதையில் ஓட்டி வந்ததும் ஸ்டட், பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி எஸ்.டபிள்யூ.ஆர். ஒரு தடவை பாருங்கள். 2-க்கு மேலேயே நின்றால் மூன்று சேனல்களின் எண்களையும், மல்டிமீட்டரின் மூன்று அளவுகளையும், பிராக்கெட் உட்கார்ந்திருக்கும் இடத்தின் படத்தையும் போடுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.